தீராத கொலைவழக்குகளும் மெய்காணும் அளவைகளும்

வைகாசித் திங்கள் வந்துற்றால் காரைதீவு, பட்டிமேடு, தம்பிலுவில் முதலாய ஊர்களிலுள்ள கண்ணகையம்மன் கோயில்களில் கதவு திறக்கப்பட்டு, வழக்குரைக் காதை படிக்கப்பெறும். முடிவிற் குளிர்த்தி நிகழும். முதியோரும் இளைஞரும் மணலில் அமர்ந்து செவிமடுப்பர். ஆண்டுதோறும் கேட்ட கதையேயாயினும், கோவலன் வெட்டுண்ட இடம் வந்ததும் கண் கலங்காதார் இலர். சென்ற வைகாசியில் அவ்வாறு கேட்டிருந்த மாணவனொருவன், மறுநாள் வகுப்பில் எம்மை நோக்கி, "ஐயா, பாண்டியன் ஒரு நாழிகை விசாரித்திருந்தால் இக்கதையே இல்லையல்லவா?" என வினவினான். அவ்வினாவுக்கு அன்று யாம் கூறிய விடை நிறைவுடையதன்று. அதனை ஒருவாறு நிறைவுசெய்யும் முயற்சியே இக்கட்டுரை.

கொலைச் செய்தியை விரும்பிப் படிப்போர் எந்நாட்டிலும் பலர். "கொன்றவன் யார்?" என்னும் வினா மனிதனை எளிதில் விடுவதில்லை. விடை காணப்படாத கொலையாயின் ஆவல் இருமடங்காகும். ஆயின், ஆவல் வேறு, ஆராய்ச்சி வேறு. ஆவல் ஒருவனைச் சுட்டிக்காட்ட விரைகின்றது. ஆராய்ச்சியோ சுட்டிய விரலையே முதற்கண் ஐயுறுகின்றது. இவ்வேறுபாட்டை விளக்குதற்குத் தமிழர் நன்கறிந்த வழக்குகள் இரண்டனை எடுத்துக்கொள்வாம். ஒன்று சென்னையிலும் மற்றொன்று கொழும்பிலும் நிகழ்ந்தன. இரண்டும் இன்றுகாறும் தீராதவை.

1. அளவைகள் மூன்று

வழக்குகளுட் புகுமுன் எம் முன்னோர் வகுத்த அளவை நெறியைச் சிறிது நினைவுகூர்தல் தகும். சைவசித்தாந்த நூல்கள் மெய்யறிதற்குரிய அளவைகளைப் பலவாக எடுத்தோதி, அவற்றைக் காண்டல், கருதல், உரை என மூன்றனுள் அடக்கும். மணிமேகலையும் ஏதுவின் இயல்பையும் ஏதுப்போலிகளையும் விரித்துரைக்கின்றது. சமயநூற் பொருளென்று கருதி மாணவர் ஒதுக்கும் இப்பகுதியே நீதிமன்றத்திற் பெரிதும் வேண்டப்படுவது.

காண்டல் என்பது பொறிகளால் நேரே அறிவது. கண்டதாயினும் அதனுள் ஐயமும் திரிவும் புகலாம். மாலையிருளில் நிற்பது குற்றியோ மகனோ எனத் தடுமாறுவது ஐயம். கயிற்றை அரவெனவே துணிவது திரிவு. இரவிற் கத்திக்குத்தைக் கண்டேன் என்னும் சாட்சியிடம், விளக்கு எங்கிருந்தது, எத்துணைத் தொலைவு, முன்னரே அவனை அறிவாயோ என வழக்கறிஞர் வினவுவதெல்லாம் இவ்விரு குற்றங்களையும் நீக்குதற்கே.

கருதல் என்பது கண்டதொன்றைக் கொண்டு காணாததொன்றைத் துணிவது. மலைமேற் புகையைக் கண்டு தீ உண்டெனல் இதற்கு எடுத்துக்காட்டு. அடுக்களையிற் புகையும் தீயும் ஒருங்கிருத்தலும், குளத்திற் தீ இல்லாதவாறே புகையும் இல்லாமையும் அறிந்தபின்னரே இத்துணிவு வலிபெறும். அஃதாவது, ஏது இருக்கவேண்டிய இடத்து இருத்தல் மட்டும் போதாது. இருக்கத்தகாத இடத்து இல்லாமலும் இருத்தல் வேண்டும். இரண்டாவது நிபந்தனையை மறப்பதனாலேயே உலகிற் பெரும்பாலான பொய்க்குற்றங்கள் சுமத்தப்படுகின்றன.

உரை என்பது நம்பத்தக்கோர் கூற்று. ஈண்டு முதல் வினா, கூறுவோன் நம்பத்தக்கவனோ என்பதே. தன்னுயிரைக் காத்தற்பொருட்டுப் பேசுவோன் கூற்றும், தனக்கொரு பயனும் கருதாதவன் கூற்றும் ஒரு நிறையின அல்ல.

இனி, கோவலன் வழக்கை இம்மூன்றாலும் அளந்து காண்க. பொற்கொல்லன் கூற்று உரை. அவனோ தான் திருடியதை மறைக்க முயன்றவன். கோவலன் கையிலிருந்த சிலம்பு ஏது. ஆயின் அரசியின் சிலம்பையொத்த வேறு சிலம்பு உலகில் இல்லையென யாரும் நிறுவினாரல்லர். காவலருள் ஒருவன் இவன் தோற்றத்தாற் கள்வனல்லன் என ஐயுற்றான். பொற்கொல்லனோ கள்வரின் எட்டு வகைத் துணைகளை விரித்துரைத்து அவ்வையத்தை மூடினான். அறிவில்லாக் களிமகனொருவன் வாளோங்கினான். பாண்டியனுடைய சிலம்பின் பரல் முத்து. கண்ணகியின் சிலம்பின் பரல் மாணிக்கம். உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அச்சோதனை நடந்ததோ கொலைக்குப் பின்னர். ஆய்வுக்கும் தண்டனைக்கும் உரிய முறை பிறழ்ந்தமையே மதுரையை எரித்தது எனின் மிகையன்று.

2. சென்னை வழக்கு: உரையளவையின் இடர்

1944 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள், சென்னை வேப்பேரியில் 'இந்து நேசன்' என்னும் இதழை நடத்திய சி. என். லட்சுமிகாந்தன் ரிக்சாவிற் செல்லும்போது கத்தியாற் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் உயிர்நீத்தார். திரைப்படத் துறையினரின் அந்தரங்க வாழ்வைப்பற்றி அவர் இதழ் எழுதிவந்தமையால் அவருக்குப் பகைவர் பலராயினர். அடுத்த திங்களிலே, தமிழ்நாடும் ஈழமும் ஒருங்கே போற்றிய எம். கே. தியாகராச பாகவதர், நகைச்சுவை நடிகர் என். எசு. கிருட்டிணன், படத் தயாரிப்பாளர் சிறீராமுலு நாயுடு ஆகியோர் கொலைச் சதியிற் குற்றஞ்சாட்டப்பெற்றனர். பாகவதரின் 'அரிதாசு' என்னும் படம் அவ்வாண்டு தீபாவளிக்கு வெளியாகி, சென்னையில் ஒரே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் அரங்கில் ஓடிக்கொண்டிருக்க, அதன் தலைவர் சிறையிலிருந்தார்.

1945 மே மாதம் நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதரும் கிருட்டிணனும் ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனை பெற்றனர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்தம் மேன்முறையீட்டைத் தள்ளிற்று. பின்னர் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வழக்கை மீள ஆராயுமாறு அந்நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்ப, 1947 ஏப்பிரலில் இருவரும் குற்றமற்றவரென விடுதலை பெற்றனர். ஏறத்தாழ முப்பது திங்கள் சிறையிற் கழிந்தன. கிருட்டிணன் மீண்டும் திரையில் ஒளிர்ந்தார். பாகவதரோ பழைய புகழை மீளப்பெறாமலே 1959 இல் மறைந்தார். லட்சுமிகாந்தனைக் கொன்றோர் யாரென்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.

இவ்வழக்கால் யாம் அறிவது யாது? சதி என்பது கண்ணாற் காணும் பொருளன்று. மூடிய அறையிற் பேசப்படுவது. ஆகலின் சதிவழக்குகள் பெரும்பாலும் சதியில் உடன்பட்டோரின் வாய்மொழியைச் சார்ந்து நிற்கும். அத்தகையோன் உண்மையறிவான் என்பது மெய். ஆயின், பிறன்மேற் பழியேற்றித் தான் தப்புதற்குக் காரணமும் உடையவன் என்பதும் மெய். ஆதலின் எமது நாட்டின் 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் இருவகையாலும் எச்சரிக்கின்றது. உடன்குற்றவாளி சாட்சியாகத் தக்கவனே என ஒரு பிரிவு கூறும். வேறு சான்றால் உறுதிபெறாவிடின் அவன் கூற்று நம்பத்தகாததெனக் கொள்ளலாம் என மற்றொரு பிரிவு கூறும். ஒன்றோடொன்று முரணுவதுபோற் தோன்றினும், இரண்டும் சேர்ந்ததே உரையளவையின் முழு இலக்கணம். கேள், ஆயின் வேறொன்றால் ஒத்துப்பார் என்பதே அதன் கருத்து.

3. கொழும்பு வழக்கு: காலமே சான்றாதல்

மகாதேவ சதாசிவம் இலங்கை கண்ட துடுப்பாட்ட வீரருள் தலைசிறந்தவர். 1947 இற் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டம் குவித்தவர்; 1948 இல் பிரட்மனின் அவுத்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர். 1951 ஆம் ஆண்டு அக்டோபர் 9 ஆம் நாள், பம்பலப்பிட்டியிலுள்ள வீட்டின் மோட்டார்க் கொட்டகையில் அவர் துணைவியார் கழுத்து நெரிபட்டு இறந்துகிடக்கக் காணப்பட்டார். உடலோடு மரவுரல் ஒன்றும் கிடந்தது. கணவன் மனைவியரிடையே மணவிலக்கு வழக்கு எழுந்திருந்தது. சதாசிவம் அன்று முற்பகல் 10.30 மணியளவில் வாடகைக் காரில் வீட்டை விட்டு நீங்கினார். வீட்டிற் சேர்ந்து இரு கிழமையும் நிறையாத வேலையாள் வில்லியம் என்பவர் காணாமற் போயிருந்தார்.

சில நாளின் பின் வில்லியம் பிடிபட்டார். எசமானே கொன்றார், தாம் உடனிருந்து உதவினேன் என்பது அவர் கூற்று. நிபந்தனையோடு மன்னிப்புப் பெற்று அவர் அரசுத் தரப்புச் சாட்சியானார். சென்னை வழக்கிற் கண்ட உரையளவையின் இடர் இங்கும் தலைகாட்டுதல் காண்க. ஆகவே அவர் கூற்றை வேறு சான்றுகளோடு ஒத்துப்பார்த்தல் இன்றியமையாததாயிற்று.

வழக்கு முழுவதும் ஈற்றில் ஒரு வினாவிற் குவிந்தது. மரணம் நேர்ந்தது 10.30 மணிக்கு முன்னரோ, பின்னரோ? முன்னராயின் கணவர் வீட்டிலிருந்த காலம். பின்னராயின் அவர் வீட்டில் இல்லாத காலம். ஓர் உயிரின் தலைவிதி கடிகார முள்ளின் நுனியில் நின்றது எனலாம்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சட்ட வைத்தியப் பேராசிரியர் சீ. எசு. டபிள்யூ. டி சேரம் உடற்சூட்டைக் கொண்டு கணித்துக் கூறிய முடிவு அரசுத் தரப்புக்குத் துணையாயிற்று. எதிர்த்தரப்புக்காக எடின்பரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சேர் சிட்னி சிமித் சாட்சியமளித்தார். கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா எதிர்த்தரப்பு வழக்கறிஞராய் நின்று, மருத்துவச் சான்றைப் பல நாள் குறுக்கு விசாரணை செய்தார். கொலை நிகழ்ந்தது மேன்மாடிப் படுக்கையறையிலோ, கீழ்வீட்டுச் சமையலறையிலோ என்பதும் ஆராயப்பட்டது. வில்லியத்தின் முகத்திலும் கையிலும் இருந்த கீறல்களும் ஆராயப்பட்டன. நீதியரசர் கிரேசியன் முன்னிலையில் 57 நாள் நடந்த விளக்கத்தின் முடிவில், 1953 சூன் மாதம், யூரர் ஒருமுகமாகச் சதாசிவம் குற்றவாளியல்லர் எனத் தீர்த்தனர். அதுகாறும் ஏறத்தாழ இருபது திங்கள் அவர் விளக்கமறியலில் இருந்தார். அக்கொலைக்காக வேறெவரும் தண்டிக்கப்படவில்லை. சேர் சிட்னி 1959 இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் இவ்வழக்குக்கு இடமளித்துள்ளார்.

4. உடற்சூடும் ஊர்ச்சூடும்

உடற்சூட்டாற் காலங் கணிப்பது எங்ஙனம்? இதனை விஞ்ஞான மாணவர் மட்டுமன்றித் தமிழ் மாணவரும் அறிந்துகொள்ளல் நன்று. இது கருதலளவையின் தூய எடுத்துக்காட்டு.

உயிருள்ள உடலின் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியசு. உயிர் நீங்கியபின் உடல் வெப்பத்தைப் புதிதாய் உண்டாக்குவதில்லை. சூழலை நோக்கி வெப்பத்தை இழக்கும். சூழலுக்கும் உடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு பெரிதாயின் ஆறுதல் விரைவாகும், சிறிதாயின் மெதுவாகும். இது நியூட்டன் கண்ட விதி. நுவரெலியாவில் இரவில் வைத்த கஞ்சி விரைவில் ஆறிவிடும். கல்முனையில் நண்பகலில் வைத்த கஞ்சியோ நெடுநேரம் சூடாயிருக்கும். சூழல் 15 பாகையாயின் உடலோடு வேறுபாடு 22. சூழல் 31 பாகையாயின் வேறுபாடு 6 மட்டுமே.

இதனால் நேரும் இடரைக் கணக்கொன்றாற் காட்டுவாம். எமது கரையில் ஓர் உடல் மணிக்கு அரைப் பாகை வீதம் ஆறுகின்றதெனக் கொள்க. நண்பகல் கடந்து அளந்தபோது 35 பாகை இருந்ததாகவும் கொள்க. தொடக்கத்தில் 37 எனின், இறந்து நான்கு மணி நேரம் ஆயிற்றென்போம். ஆயின் மனிதர் எல்லோர்க்கும் உடற்சூடு மிகச்சரியாக 37 அன்று. ஒருவரில் அரைப் பாகை கூடலாம், மற்றொருவரிற் குறையலாம். போராடி இறந்தார்க்குச் சூடு ஏறியும் இருக்கலாம். தொடக்கம் 37.5 எனின் விடை ஐந்து மணி, 36.5 எனின் மூன்று மணி. அரைப் பாகை ஐயம் ஒரு மணி நேர ஐயமாய் விரிகின்றது. அன்றியும், இறந்தவுடன் உடல் ஆறத் தொடங்குவதில்லை. முதற்கண் சிறிதுநேரம் வெப்பம் குறையாமலே நிற்கும். உடலின் பருமனும், உடுத்த துணியும், தரையின் தன்மையும், வீசும் காற்றும் கணக்கை மாற்றும்.

மேனாட்டு நூல்களின் வாய்பாடுகள் குளிர்நாட்டுக்கு உரியவை. அவை இங்குப் பொருந்தா. இதனை நன்குணர்ந்த பேராசிரியர் டி சேரம், கொழும்பில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டோரின் உடல்கள் ஆறும் முறையை அளந்து ஆய்வு நிகழ்த்தினார். இறந்த நேரம் ஐயமின்றித் தெரிந்த உடல்கள் வேறெங்கும் எளிதிற் கிடையா. அவ்வாய்வின் முடிவுகள் 1955 இற் பிறநாட்டு ஆய்விதழொன்றில் அவர்தம் உடனாய்வாளரோடு வெளியாயின. வெப்ப நாடுகளிற் சட்ட வைத்தியம் பயில்வோர் இன்றும் எடுத்துக்காட்டும் கட்டுரை அது. ஒரு வழக்கில் தோன்றிய கருத்து வேற்றுமை உலக அறிவுக்கு இலங்கை அளித்த கொடையாக மலர்ந்தமை கருதத்தக்கது.

கருதலின் எல்லையும் ஈண்டுப் புலனாகும். புகையால் தீயுண்மை துணியலாம்; தீ மூட்டப்பட்ட நிமிடத்தைத் துணிதல் அரிது. எதிர்த்தரப்பு நிறுவவேண்டியது வேறொருவன் கொன்றான் என்பதன்று. அரசுத் தரப்பின் கணக்கில் நியாயமான ஐயத்துக்கு இடமுண்டு என்பதே. ஐயம் இருப்பின் அதன் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கே உரியது என்பது குற்றவியல் நீதியின் அடித்தளம்.

5. கைரேகையும் மரபணுவும்

வாயாற் பேசும் சாட்சி பொய் பகரலாம். பொருட்சான்று பொய் கூறாதென்பர். இக்கூற்று பாதியே உண்மை. பொருள் பொய் கூறாது; ஆயின் அதன் மொழியைத் தவறாகப் பெயர்ப்போர் உளர்.

கைரேகையைப் பதிந்துவைத்துக் குற்றவாளிகளை இனங்காணும் அலுவலகம் 1897 இற் கல்கத்தாவில் அமைந்தது. அம்முறையை வகுத்ததில் எட்வேட்டு என்றியோடு அசீசுல் ஆக்கு, ஏமச்சந்திர போசு என்னும் வங்காள அறிஞர் இருவர் பெரும்பங்கு கொண்டனர். அடுத்த ஆண்டு சல்பாய்குரி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேலாளர் கொலையுண்டார். அவர் உடைமைகளுட் கிடந்த வங்காளப் பஞ்சாங்கமொன்றிற் கறைபடிந்த விரற்பதிவு காணப்பட்டது. அது முன்னொருகால் திருட்டுக்காகத் தண்டனை பெற்ற பழைய வேலையாளின் பதிவோடு ஒத்திருந்தது. தீர்ப்பு யாதென எண்ணுகின்றீர்? திருட்டுக் குற்றத்துக்கே அவன் தண்டிக்கப்பட்டான். கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டான். கைரேகை அவன் அப்பொருளைத் தொட்டமைக்குச் சான்று, கொன்றமைக்குச் சான்றன்று. சான்று எவ்வளவு கூறுகின்றதோ அவ்வளவே கொள்க என்னும் பாடத்தை அத்தீர்ப்பு நூறாண்டுக்கு முன்னரே புகட்டிற்று.

மரபணு ஆய்வின் வரலாறும் இத்தகையதே. 1984 இல் இங்கிலாந்தில் அலெக் செவ்ரீசு மரபணுப் பதிவால் ஆளை இனங்காணும் முறையைக் கண்டறிந்தார். இலெசுத்தர்சயரில் 1983 இலும் 1986 இலும் இரு சிறுமியர் கொலையுண்டபோது, பதினேழு வயது இளைஞனொருவன் அவற்றுளொன்றைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டிருந்தான். மரபணுச் சோதனை இரு கொலையும் ஒருவனே செய்தவை, அவ்வொருவன் இவ்விளைஞன் அல்லன் எனக் காட்டியது. பின்னர் அவ்வட்டாரத்து ஆடவர் பல்லாயிரவரின் குருதி சோதிக்கப்பட்டு, மெய்க்குற்றவாளி 1988 இல் ஆயுட்சிறை பெற்றான். உலகில் மரபணு ஆய்வு கொலைவழக்கிற் புகுந்து முதற் செய்த தொண்டு, குற்றமற்றவனை விடுவித்தமையே என்பதை மாணவர் மறத்தலாகாது. தன் வாயாலேயே குற்றத்தை ஏற்றவனும் குற்றமற்றவனாயிருக்கலாம் என்பதையும் அஃது உணர்த்துகின்றது. பொலிசாரிடம் கூறிய குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கெதிராக நிறுவலாகாது என எமது சான்றுச் சட்டம் விலக்கியிருப்பதன் நுட்பமும் இதனால் விளங்கும்.

6. வழக்கு ஏன் தீராதொழிகின்றது?

கொலைவழக்கொன்று தீராமைக்குக் கொலைஞனின் கூர்மதியே காரணமெனத் துப்பறியும் கதைகள் காட்டும். உண்மை பெரும்பாலும் வேறு. முதல் நாளில் நேரும் பிழைகளே பின்னாளிற் திருத்தலாகாத தடைகளாகின்றன. உடல் கிடந்த இடத்தில் அயலார் திரண்டு அடிச்சுவடுகளை அழித்துவிடுவர். இரக்கத்தால் உடலைக் கழுவுவர், துணி மாற்றுவர். சாட்சிகள் ஒருவரோடொருவர் பேசிப்பேசித் தாம் கண்டதையும் கேட்டதையும் ஒன்றாக்கிவிடுவர். சட்ட வைத்திய அதிகாரி வருமுன் காலமும் வெப்பமும் கடந்துவிடும். எவனோ ஒருவனை ஊர் முன்னரே தீர்மானித்துவிட, அவனுக்கு ஒத்த சான்றுகள் மட்டுமே தேடப்படும். ஒவ்வாதவை கண்ணிற் படா.

ஆகவே, ஊரில் ஐயத்துக்குரிய மரணம் நிகழின், அறிந்தோர் செய்யத்தக்கவை மிகச் சிலவே. எதனையும் தொடாதிருத்தல் முதலாவது. பிறரையும் விலக்கிநிறுத்திப் பொலிசாருக்கும் திடீர் மரண விசாரணை அதிகாரிக்கும் அறிவித்தல் அடுத்தது. தாம் கண்டதை மட்டும், கண்டவாறே, கண்ட நேரத்தோடு உடனே எழுதிவைத்தல் மூன்றாவது. கேட்டதை அதனோடு கலவாதிருத்தல் நான்காவது.

தீராத வழக்கு முடிந்த வழக்கன்று. ஏனைய பெரும்பாலான குற்றங்களுக்கு இருபதாண்டு கடந்தால் வழக்குத் தொடரும் உரிமை அற்றுப்போகும்; கொலைக்கோ அத்தகைய கால எல்லை எமது சட்டத்தில் இல்லை. மனிதர் மறப்பினும் சட்டம் மறப்பதில்லை. விடுதலை பெற்றோரின் பெயரைப்பற்றி மட்டும் பேசிக் கொலையுண்டோரை மறத்தல் எமக்கியல்பு. லட்சுமிகாந்தன் எழுதியவற்றை வெறுத்தோர் பலர். எனினும் அவரைக் கொல்லும் உரிமை எவர்க்கும் இல்லை. கொழும்பு வழக்கைத் துடுப்பாட்ட வீரரின் பெயராலேயே உலகம் அழைக்கின்றது. உயிர்நீத்த அன்னையின் பெயரை நினைப்போர் அரியர். அவர்க்கு இன்னும் நீதி கிடைத்திலது.

7. எமது பிழை ஒன்று

பிறர் பிழைகளை எடுத்தோதிய யாம் எமது பிழையொன்றை மறைத்தல் முறையன்று. பயிற்சிக் கலாசாலை விட்டு வந்து ஆசிரியப் பணியேற்ற இரண்டாம் ஆண்டு அது. சுற்றுலாவுக்காக மாணவர் சேர்த்த பணம் வகுப்பு மேசை இழுப்பறையிலிருந்து காணாமற் போயிற்று. இடைவேளையில் வகுப்பிற் தனித்திருந்தவன் ஒரே மாணவன். கரைவலை இழுப்பார் ஒருவரின் மகன். அயலூரிலிருந்து அவ்வாண்டே வந்து சேர்ந்தவன். யாம் வினவியபோது அவன் தலைகுனிந்து நின்றான். அத்தலைகுனிவையே ஒப்புதலாகக் கொண்டோம். தகப்பனாரை அழைப்பித்தோம். அவர் ஈரச்சாரத்தோடு வந்து, ஒரு சொல்லும் கூறாது மகனைக் கைப்பற்றிச் சென்றார். மூன்றாம் நாள், பணம் பாதுகாப்புக்கென அலுவலக அலுமாரியில் வைக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது.

யாம் அவன் வீடுசென்று மன்னிப்பு வேண்டினோம். தாயார் எமக்குத் தேநீர் தந்தார். "பரவாயில்லை சேர், பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுவர இல்ல, அதுதான் உள்ளுக்க இருந்தவன்," என்றார். பிற மாணவர் உண்பதைக் காணாதிருக்க அவன் வகுப்பிலே இருந்தானாம். அடுத்த தவணைக்கு அவன் பாடசாலைக்கு வந்திலன்.

அளவைநூல் கற்ற யாம் எங்குத் தவறினோம்? தனித்திருந்தான் என்பதை ஏதுவாகக் கொண்டோம். களவு நிகழாத நாள்களிலும் அவன் தனித்தே இருந்தான் என்பதை ஆராய்ந்திலோம். அஃதாவது, நீரிலும் புகை தோன்றுகின்றதோ என்று பார்த்திலோம். அதனினும் பெரும்பிழை, களவு நிகழ்ந்ததோ என்பதையே நிறுவாமற் கள்வனைத் தேடியது. அவன் அயலூரான் என்பது எம் துணிவுக்கு எத்துணை வலியூட்டிற்று என்பதை இன்றும் எண்ணி நாணுகின்றோம்.

8. எமது கரைக்கு இதனாலாய பயன்

கல்முனைக் கரையில் தமிழரும் முசுலிம்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். ஒரே சந்தையிற் கொள்கின்றனர். ஒரே மொழியிற் பேசுகின்றனர். மருதமுனைத் தறியில் நெய்த துணி பாண்டிருப்புத் திருவிழாவில் உடுக்கப்படுகின்றது. 1985 ஆம், 1990 ஆம் ஆண்டுகளின் துயரங்களை இக்கரையில் அறியாதாரும் இலர். அந்நாள்களில் மாண்டோர் இரு சாராரிலும் உளர். அவர்களுட் பலரின் கொலைக்கு எந்த நீதிமன்றமும் விடை கூறியதில்லை. விடையில்லாத கொலை வெற்றிடமாய் நிற்கின்றது. அவ்வெற்றிடத்தை வதந்தி நிரப்புகின்றது. "செய்தவன் இன்ன ஊரான்" என்னும் ஒரு சொல், ஏதுவுமின்றி எடுத்துக்காட்டுமின்றி, ஓர் ஊரையே கள்வனாக்கிவிடும். பொற்கொல்லன் ஒருவன் போதும். களிமகன் எங்கும் கிடைப்பான்.

ஆதலின், கொலைவழக்குகளை மாணவர் ஆராய்தல் இழிவன்று. ஆராயும் முறையே கருதத்தக்கது. அடுத்தமுறை ஒரு செய்தி கேட்கும்போது இவ்வினாக்களைத் தமக்குள்ளே எழுப்புக. இதனைக் கூறுவோன் கண்டானோ, கருதினானோ, கேட்டானோ? கண்டானெனின் ஐயமும் திரிவும் நீங்கக் கண்டானோ? கருதினானெனின் அவ்வேது குற்றமில்லாவிடத்தும் காணப்படுமோ? கேட்டானெனின் முதலிற் கூறியவனுக்கு இதனால் வரும் பயன் யாது? இந்நான்கு வினாக்களுக்கும் விடை கிடையாதவழி, "அறியேம்" என்று கூறுதலே அறிவுடைமை. அச்சொல்லைக் கூற நாணுதல் வேண்டா. 57 நாள் கேட்ட யூரரும் ஒருவகையில் அச்சொல்லையே கூறினர்.

இம்மாணவர் தலைமுறையிற் சட்டத்தரணிகளும் மருத்துவரும் பொலிசு அதிகாரிகளும் இதழாசிரியரும் தோன்றுவர். பழைய மாணவருட் பலர் அப்பணிகளில் இன்றும் அமர்ந்துள்ளனர். அவர்தம் கையொப்பம் ஒன்றால் ஒருவன் வீடு திரும்பலாம். ஒருவன் திரும்பாமலும் போகலாம். வைகாசியில் வழக்குரை கேட்டு மணலை உதறி எழும்போது, சிலம்பை உடைத்துப் பார்க்க வேண்டிய நேரம் தீர்ப்புக்கு முன்னரே என்பதை அவர்கள் நினைவுகூர்வராயின், வினவிய அம்மாணவனுக்கு எமது விடை நிறைவெய்தியதாகக் கொள்வோம்.